பட்டம் ஓடுபாதையிலேயே முடியட்டும்

உலகக் கார் பந்தயங்களை நடத்தும் எஃப்.ஐ.ஏ அமைப்பின் பந்தய நடுவர்களுக்கும், பந்தய இயக்குநர்களுக்கும், அவர்களை நியமிக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கும்,

வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. வாழ்நாள் முழுக்க கார் மெக்கானிக். எனக்கு நாற்பத்து நான்கு, பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பதினோரு வயது மகள் கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பார்முலா ஒன் கார் பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மதியச் சமையல் பந்தய நேரத்தைப் பார்த்துத்தான் அடுப்பேறும். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வம்சம் நாங்கள். எங்களில் பலருக்குத் தமிழ் இன்று வீட்டுக்குள்ளும் கோயிலிலும் மட்டும் மிச்சமிருக்கிறது. இந்த மடலைத் தமிழில் எழுத ஒரே காரணம், நானும் அப்பாவும் பந்தயத்தைப் பற்றிப் போட்ட சண்டையெல்லாம் தமிழில்தான்.

ஓட்டுநர்களில் அப்பா வெர்ஸ்டாப்பன் பக்கம். நான் ஹாமில்டன் பக்கம். அந்த இருவரும் உலகப் பட்டத்துக்கு மோதிய 2021 முழுக்க எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. சில்வர்ஸ்டோனில் இருவரும் மோதி, வெர்ஸ்டாப்பன் 51ஜி விசையில் தடுப்பில் போய் இடித்து மருத்துவமனைக்குப் போனார். ஹாமில்டன் பத்து நொடி தண்டனை வாங்கியும் அதே பந்தயத்தில் ஜெயித்தார். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மான்சாவில் வெர்ஸ்டாப்பனின் கார் ஹாமில்டனின் தலைக்கு மேலேயே ஏறியது, ஓட்டுநரின் தலைக்கு மேல் இருக்கும் ஹாலோ என்ற பாதுகாப்பு வளையம்தான் காப்பாற்றியது. அன்று நான் பேசவில்லை. இப்படியே போய், கடைசிப் பந்தயத்துக்கு இருவரும் சரியாக 369.5 புள்ளிகளோடு வந்து நின்றார்கள்.

டிசம்பர் 12. அபுதாபி பந்தயம் எங்கள் ஊர் நேரப்படி பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கியது. ஐம்பத்தெட்டு சுற்றில் ஐம்பத்து மூன்று வரை எல்லாம் ஹாமில்டன் கையில். அப்போது லத்தீஃபி என்ற ஓட்டுநர் சுவரில் மோதினார், விபத்து நேரத்தில் எல்லாக் கார்களையும் மெதுவாக்கித் தன் பின்னால் வரிசையாக வரவைக்கும் சேஃப்டி கார் வந்தது. பிறகு நடந்தது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு சுற்றுப் பின்தங்கிய கார்கள் சேஃப்டி காரை முந்தக் கூடாது என்று முதலில் ஒரு செய்தி. கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் நடுவே நின்ற ஐந்து கார்கள் மட்டும் முந்தலாம் என்று இன்னொரு செய்தி. அதற்கு அடுத்த சுற்றின் முடிவில்தான் சேஃப்டி கார் உள்ளே வர வேண்டும் என்று விதி இருக்க, அந்தச் சுற்றிலேயே அழைத்தார்கள். ஒரே ஒரு சுற்று மிச்சம். வெர்ஸ்டாப்பனிடம் புது டயர், ஹாமில்டனிடம் தேய்ந்த டயர். ஐந்தாவது வளைவில் முடிந்துவிட்டது.

அப்பாவின் ஆள் உலகச் சாம்பியன். நான் நெஞ்சடைத்து உட்கார்ந்திருந்தேன், அப்பா குதிப்பார் என்று காத்திருந்தேன். அவர் டிவியை அணைத்தார். வெளியே போய்க் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் பின்னாலேயே போனேன்.

"ஜெயிச்சது என் ஆளுதான். ஆனா அவனா ஜெயிச்சானா, ஜெயிக்க வச்சாங்களான்னு இனிமே யாரு சொல்லுவா? அவன் வருஷம் பூரா ஓட்டுன ஓட்டத்தையும் கெடுத்துட்டாங்கடா" என்றார்.

இந்த ஒரு வார்த்தையை உங்களிடம் கொண்டு சேர்க்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தோற்றவருக்கு நீங்கள் செய்தது தெரிந்த கதை, உலகமே பேசிவிட்டது. ஜெயித்தவருக்கும் அன்று நீங்கள் ஒரு அநியாயம் செய்தீர்கள். அதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. நான்கு ஆண்டு கழித்தும் அந்தப் பட்டத்தைச் சொல்லும்போது கூடவே ஒரு 'ஆனால்' வருகிறது. அந்த 'ஆனால்' ஓட்டுநர் போட்டது இல்லை, உங்கள் அறையிலிருந்து வந்தது.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்பது புரிய நீங்கள் கொஞ்சம் எங்கள் நாட்டுக்குள் வர வேண்டும்.

1976 மார்ச் மாதம் அப்பாவும் மூன்று நண்பர்களும் ஒரு பழைய காரில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் கியாலாமி பந்தயப் பாதைக்குப் போனார்கள். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் வழி ஹாரிஸ்மித் ஊரைத் தொட்டுத்தான் போகும். ஹாரிஸ்மித் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் இருந்தது. அந்த மாநிலத்தில் இந்தியர்கள் குடியிருக்கவோ கடை வைக்கவோ கூடாது என்று 1891-லிருந்து சட்டம். 80-களின் நடுவில்தான் அது ஒழிந்தது. வழியில் பொழுது சாய்ந்தாலும் படுக்க ஒரு அறை கிடையாது. ஆயா கட்டிக்கொடுத்த ரொட்டியையும் பீன்ஸ் கறியையும் ஓடும் வண்டியிலேயே பிரித்துத் தின்றுகொண்டு, நிறுத்தாமல் ஓட்டிக் கடந்தார்கள். கியாலாமியில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு என்று ஒதுக்கிய வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். அப்படி ஒரு இடத்துக்கு ஏன் போக வேண்டும் என்று சித்தப்பா அப்பாவைக் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். சித்தப்பா கேட்டது நியாயம்தான். அதற்கு அப்பாவிடம் ஒரே பதில்தான்: "வேலிக்கு இந்தப் பக்கம்தான் சட்டம் பொய். அந்தப் பக்கம் கடிகாரம் எல்லாருக்கும் ஒண்ணு."

அன்று கடிகாரம் சொன்னது: நிக்கி லாடா முதலாவது, ஜேம்ஸ் ஹண்ட் இரண்டாவது, இடைவெளி ஒன்றரை நொடிகூட இல்லை.

இந்தக் கடிகாரப் பேச்சு வெறும் வாய்வீச்சு இல்லை. அப்பாவுக்கு மெக்கானிக் வேலையில் கைதேர்ந்தவர் என்று ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. ஓர் அலுவலகத்துக்கு ஐந்து முறை போனார். ஒரு நாள் இரண்டு புகைப்படம் போதும் என்றார்கள், மறுமுறை நான்கு வேண்டும் என்றார்கள். ஒரு முறை படிவம் பழையது. ஒரு முறை தேதி முடிந்துவிட்டது. அதே வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பையனுக்கு அதே பழைய படிவம் செல்லுபடியானது. சட்டம் கடுமையாக இருந்ததைவிட, ஜன்னலுக்கு ஜன்னல் அது மாறியதுதான் அப்பாவைக் கொன்றது. 'விதி என்ன சொல்லுது' என்று கேட்பதற்கு முன்னால் 'யாரு நிக்கிறான்' என்று பார்க்கும் மேசையை அவர் தூரத்திலிருந்தே அடையாளம் காண்பார். அபுதாபியில் அடையாளம் கண்டுகொண்டார்.

நீங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2022 மார்ச்சில் வெளிவந்த உங்கள் அறிக்கையே அதை மனிதத் தவறு என்றது, பந்தய இயக்குநர் நல்ல நம்பிக்கையோடுதான் நடந்தார் என்றது. பின்தங்கிய கார்கள் முந்துவது பற்றிய விதியில் இருந்த 'எந்தக் கார்களும்' (any) என்ற சொல்லை 'எல்லாக் கார்களும்' (all) என்று திருத்தினீர்கள். நானும் சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளின் கால்பந்துக்கு விசில் பிடிப்பவன். நாற்பது பெற்றோர் கோட்டோரம் நின்று கத்தும்போதே எனக்குக் கை நடுங்கும். உலகமே பார்க்க ஐந்து நிமிடத்தில் முடிவெடுப்பது எவ்வளவு பாரம் என்று ஊகிக்க முடிகிறது. அதனால்தான் அந்தப் பாரத்தை ஒரு தனி மனிதரின் தலையில் அந்த நேரத்தில் ஏற்றாதீர்கள் என்கிறேன்.

சாம்பியன்களின் பகை என்பது சாமானியமான சரக்கு இல்லை. இரண்டு பேர் ஒரே காலத்தில் பிறந்து, ஒரே உச்சத்துக்கு வந்து, ஒருவரை ஒருவர் முந்தாமல் வாழ முடியாது என்ற நிலைக்கு வருவது எப்போதோ ஒரு முறை. அது தானாக விளையும். உங்களால் அதை உண்டாக்க முடியாது, கெடுக்க மட்டும் முடியும்.

1962 டிசம்பர் 29-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நாட்டின் ஈஸ்ட் லண்டன் நகரில், கடலோரப் பாதையில், கிரஹாம் ஹில்லுக்கும் ஜிம் கிளார்க்குக்கும் கடைசிப் பந்தயம். கிளார்க் ஜெயித்தால் பட்டம் அவருக்கு. அவர் யாரும் எட்டாத தூரத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். இருபது சுற்றுச் சொச்சம் மிச்சமிருக்க, எஞ்சினில் ஒரு போல்ட் கழன்று எண்ணெய் ஒழுகிற்று. ஹில் சாம்பியன். ஒரு போல்ட்! கிளார்க்குக்காக இன்றைக்கும் மனம் வலிக்கிறது, ஆனால் ஹில்லின் பட்டத்தின் மேல் யாரும் விரல் நீட்டியதில்லை. போல்ட்டுக்கு ஹில் யார், கிளார்க் யார் என்று தெரியாது. அதே கிளார்க் 1968 ஜனவரி 1 அன்று கியாலாமியில் தன் 25-ஆவது வெற்றியைப் பெற்று ஃபாஞ்சியோவின் சாதனையைக் கடந்தார். அதுவே அவருடைய கடைசி வெற்றியும் ஆனது. ஏப்ரலில் ஹோக்கன்ஹைமில் இறந்தார்.

ஹில்லின் அந்தப் பட்டத்துக்கு நான்கு ஆண்டு முன்னால், 1958-இல், போர்ச்சுகலில் உங்களைப் போன்ற நடுவர்கள் மைக் ஹாத்தோர்ன் என்ற ஓட்டுநரைத் தகுதிநீக்கம் செய்யப் பார்த்தார்கள். சுழன்று நின்ற காரைக் கிளப்பும்போது பந்தயத் திசைக்கு எதிராகப் போனார் என்பது குற்றம். பட்டத்துக்கு அவரோடு மோதிக்கொண்டிருந்தவர் ஸ்டெர்லிங் மாஸ். அந்த மாஸ்தான் நடுவர்களிடம் போய், 'அவர் போனது ஓடுபாதையில் இல்லை, ஓரத்து நடைபாதையில்தான்' என்று சாட்சி சொன்னார். ஹாத்தோர்னின் இரண்டாமிடம் நிலைத்தது. ஆண்டு முடிவில் ஹாத்தோர்ன் 42, மாஸ் 41. மாஸ் அந்த ஆண்டு நான்கு பந்தயம் ஜெயித்திருந்தார், ஹாத்தோர்ன் ஒன்றுதான். மாஸுக்குக் கடைசி வரை உலகப் பட்டம் கிடைக்கவில்லை. இந்தக் கதையை நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளையாவது, 'சார், அவர் ஏன் சும்மா இருக்கல?' என்று கேட்கும்.

1976-க்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அப்பா வேலிக்குப் பின்னால் நின்று பார்த்த அந்தப் போட்டி அப்புறம் அலுவலக அறைகளுக்குள் போய்விட்டது. ஸ்பெயினில் ஹண்ட் ஜெயித்தார், கார் 1.8 சென்டிமீட்டர் அகலம் அதிகம் என்று பறித்தார்கள், இரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் முதல் சுற்று மோதலுக்குப் பிறகு ஹண்ட் மறுபடி கிளம்பலாமா கூடாதா என்ற கேள்விக்கு, கூச்சல் போட்ட கூட்டத்துக்கு அஞ்சி ஒரு பதில் கிடைத்தது. செப்டம்பர் கடைசியில் அந்த வெற்றியையும் பறித்து லாடாவுக்குக் கொடுத்தார்கள். நடுவில் ஆகஸ்ட் 1 அன்று நூர்பர்க்ரிங்கில் லாடா தீயில் வெந்தார். பாதிரியார் வந்து இறுதிச் சடங்குப் பிரார்த்தனை சொல்லிவிட்டுப் போனார். நாற்பத்திரண்டாம் நாள் அதே லாடா, ஆறாத காயத்தின் மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மான்சாவில் நான்காவதாக வந்தார். கடைசியில் ஃபியூஜியில், கொட்டும் மழையில், இரண்டு சுற்று ஓட்டிவிட்டு உயிர் பெரிது என்று இறங்கினார். ஹண்ட் மூன்றாவதாக வந்து 69-க்கு 68 என்று பட்டத்தை எடுத்தார்.

பாருங்கள், அந்தக் கதையில் ஜனங்கள் நினைவு வைத்திருப்பது தீயையும் மழையையும் அந்த ஒரு புள்ளியையும்தான். அலுவலகம் கொடுத்தும் பறித்தும் செய்த குழப்பத்தை ஃபியூஜியின் மழை கழுவிவிட்டது. அது உங்கள் அதிர்ஷ்டம். எப்போதும் மழை வராது.

ஜப்பானின் சுசூகாவில் வரவில்லை. 1988-இல் மெக்லாரன் அணி 16 பந்தயத்தில் 15-ஐ ஜெயித்தது, அதன் ஓட்டுநர்களில் சென்னா எட்டு, ப்ரோஸ்ட் ஏழு. ஒரே கூரையின் கீழ் இரண்டு சிங்கம். 1989 அக்டோபர் 22 அன்று சுசூகாவில், கடைசிச் சுற்றுகளில், சிக்கேன் எனப்படும் இரட்டை வளைவில் சென்னா உள்ளே நுழைய, ப்ரோஸ்ட் கதவடைக்க, இரண்டு காரும் பின்னிக்கொண்டு நின்றன. ப்ரோஸ்ட் இறங்கிவிட்டார். சென்னா தள்ளிவிடச் சொல்லிக் கிளம்பி, காரின் மூக்குப் பகுதியை மாற்றி, நன்னீனி என்ற ஓட்டுநரை முந்தி முதலாவதாக வந்தார். சிக்கேனை ஓட்டாமல் தப்புவழியில் போய்ச் சேர்ந்தார் என்று அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். ப்ரோஸ்ட் சாம்பியன். முறையிட்ட சென்னாவுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதமும், நிறுத்திவைத்த ஆறு மாதத் தடையும் கிடைத்தன. அப்போது தலைவராக இருந்த பாலேஸ்தர் பிரெஞ்சுக்காரர், ப்ரோஸ்டும் பிரெஞ்சுக்காரர். நாட்டுப்பற்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிச் சந்தேகப்பட இடம் கொடுத்த நாற்காலி அது.

மறு ஆண்டு, அதே சுசூகா. போல் பொசிஷன் என்ற முதல் கிளம்பிடம் சென்னாவுக்கு, ஆனால் அந்த இடம் பாதையின் அழுக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார், மாற்றவில்லை. பச்சை விளக்கு எரிந்து, முதல் வளைவில், அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலேயே ப்ரோஸ்டின் மேல் மோதினார் என்று சொன்னால்கூடக் குறைவு. அவர் விலகவே நினைக்கவில்லை. ஓர் ஆண்டு கழித்து, தன் மூன்றாவது பட்டத்தை வாங்கிய கையோடு, வேண்டுமென்றே செய்ததை அவரே ஒப்புக்கொண்டார். சென்னா எனக்குத் தெய்வம் மாதிரி, இருந்தாலும் சொல்கிறேன், அது கொலைகாரத்தனமான செயல். அவ்வளவு வேகத்தில் யாராவது செத்திருக்கலாம். அதைச் செய்யும் அளவுக்கு ஒரு மாபெரும் ஓட்டுநரின் மனம் எங்கே திரிந்தது? முந்தின ஆண்டு, நடுவர் அறையில். நியாயம் கிடைக்காது என்று முடிவுகட்டியவன் தன் நியாயத்தைக் கையில் எடுப்பான். எங்கள் நாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்த இருவரையும் நான் நேரில் பார்த்தேன். 1993 மார்ச் 14, கியாலாமி. எனக்குப் பன்னிரண்டு வயது. லிஜியே, ரெனோ அணிகள் நிறவெறியைக் கண்டித்து வராமல் போன 1985 பந்தயத்துக்கு அப்பாவும் போகவில்லை. அதன் பின் பந்தயமே நின்றுபோய், வேலி போட்டு ஜனங்களைப் பிரித்த சட்டம் 1990-இல் நீங்கி, 1992-இல்தான் திரும்ப வந்தது. 93-இல் என்னைக் கூட்டிப்போனார். ஒரு வருடம் ஒதுங்கியிருந்து திரும்பிய ப்ரோஸ்ட் வில்லியம்ஸில், சென்னா மெக்லாரனில். தகுதிச்சுற்றில் இருவருக்கும் இடையே நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கிளம்பும்போது ப்ரோஸ்ட் தடுமாறி மூன்றாமிடத்துக்குப் போனார். சென்னா முன்னால், இளம் ஷூமாக்கர் நடுவில், ப்ரோஸ்ட் பின்னால். வில்லியம்ஸ் கார் வேகமானது என்று எல்லோருக்கும் தெரியும், அப்படியும் சென்னா சுற்றுக்குச் சுற்று வாசலை அடைத்துக்கொண்டே போனார். கடைசியில் ப்ரோஸ்ட் முந்தினார். முடிவில் இடி மின்னலோடு மழை பிடித்துக்கொண்டது. ப்ரோஸ்ட் ஒரு நிமிடத்துக்கும் மேல் முன்னால் வந்து ஜெயித்தார், சென்னா இரண்டாவது. நான் நனைந்துகொண்டே அழுதேன். அப்பா கைக்குட்டையை என் தலையில் போட்டு, "நல்லா தோத்தான்டா" என்றார். நன்றாகத் தோற்பது என்று ஒன்று இருக்கிறது என்பதை அன்றுதான் கேட்டேன். அன்று எந்த நடுவரின் பெயரும் எங்களுக்குத் தெரியாது.

அந்த ஆண்டுக் கடைசியில் அடிலெய்டில் சென்னா ஜெயித்து, இரண்டாவதாக வந்த ப்ரோஸ்டைப் பிடித்து மேல்படிக்கு இழுத்தார். ஆறு மாதத்தில் இமோலா பந்தயத்தில் விபத்தில் இறந்துபோனார். சாவோ பாவ்லோவில் அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ப்ரோஸ்டும் ஒருவர்.

பிறகு நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994 அடிலெய்டில் ஷூமாக்கரும் டேமன் ஹில்லும் மோதினார்கள், ஷூமாக்கர் ஒரு புள்ளியில் சாம்பியன், நடவடிக்கை இல்லை. 1997 ஹெரெஸில் அதே ஷூமாக்கர் ஜாக் வில்நெவ் மேல் காரைத் திருப்பினார், ஆண்டின் மொத்த தரவரிசையிலிருந்தே நீக்கினீர்கள். இரண்டில் எது சரி என்று நான் வாதாடப் போவதில்லை. ஓட்டுபவன் வளைவுக்குள் நுழையும்போது எதை நம்பி நுழைவான்?

2021-இலும் அதே கதை. பிரேசிலில் வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனைப் பாதைக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனதை விசாரிக்கவே இல்லை. மூன்று வாரத்தில் ஜெட்டாவில், பந்தயம் நின்றிருந்த இடைவேளையில், எந்த இடத்திலிருந்து மறுபடி கிளம்புவது என்று பந்தய இயக்குநர் வெர்ஸ்டாப்பனின் அணியோடு ரேடியோவில் பேரம் பேசியதை உலகமே கேட்டது. சந்தையில் கத்தரிக்காய்க்கு நடக்கும் பேரம். விதி என்பது விலை இல்லை, ஐயா. கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "இதுக்கு அந்த ஜன்னல்காரனே பரவாயில்ல" என்றார்.

நன்றாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பரில் லாஸ் வேகஸில், பட்டப்போட்டி உச்சத்தில் இருந்தபோது, மெக்லாரன் கார்கள் இரண்டின் அடிப்பலகையும் விதி சொன்ன 9 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தது. நாரிஸ், பியாஸ்ட்ரி இருவரையும் நீக்கினீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டும் நீக்கினீர்கள். யாரும் தெருவில் இறங்கவில்லை. ஏன்? ஒன்பது என்றால் ஒன்பது. அளவுகோலை எடுத்து வைத்தால் தெரிந்துவிடும். நாரிஸ் கடைசியில் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் வெர்ஸ்டாப்பனைத் தாண்டிச் சாம்பியன் ஆனார். அப்பாவுக்கு வருத்தம்தான், ஆனால் அன்று கறிவேப்பிலைச் செடி பக்கம் போகவில்லை. அந்தப் பட்டத்துக்குப் பின்னால் 'ஆனால்' கிடையாது. அதே ஆண்டு, முந்தும்போது யாருக்கு வளைவு சொந்தம் என்ற வழிகாட்டுதல்களையும், தண்டனை அளவுகளையும் பொதுவில் வெளியிட்டீர்கள். வகுப்பில் மதிப்பெண் திட்டத்தைத் தேர்வுக்கு முன்னாலேயே ஒட்டிவைக்கும் வாத்தியார் நான். அது எவ்வளவு சண்டையைத் தடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் காகிதம் ஒன்றாக இருந்து, அதைப் படிக்கும் கண்கள் வாராவாரம் மாறினால் பழைய ஜன்னல்தான். ஒரு பந்தயத்தில் உட்காரும் நடுவர் குழு அடுத்த பந்தயத்தில் இல்லை. ஒரு பருவம் முழுவதற்கும் ஒரே குழுவை, முழுநேர ஊதியத்தோடு, வையுங்கள். கோடிக்கணக்கில் பணம் புரளும் விளையாட்டில் இதற்குப் பணம் இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. தீர்ப்பு எழுதும்போது, போன பந்தயத்தில் இதே மாதிரி நடந்ததற்கு என்ன கொடுத்தோம், இப்போது ஏன் அதே அல்லது ஏன் வேறு என்று நாலு வரி எழுதுங்கள், என் மகளுக்குப் புரிகிற மொழியில். புள்ளிப்பட்டியலை அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். யாருக்கு எத்தனை புள்ளி என்பது அந்த மேசைக்குத் தேவையில்லாத செய்தி. எல்லாவற்றையும்விட, பந்தயம் பச்சைக் கொடியில் முடிய வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு வரும்போது கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நானும் ரசிகன், எனக்கும் அந்த ஆசை உண்டு. சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்து முடியும் பந்தயம் உப்பில்லாத சோறு. அது விதியாக இருந்தால் அதைத்தான் தின்ன வேண்டும். பிடிக்காவிட்டால் பருவம் முடிந்த பிறகு, யாருக்கு லாபம் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், விதியை மாற்றுங்கள்.

போன மாதம் என் மகள் ஒரு கார்ட் பந்தயத்தில் முந்தப் போய் ஒரு பையனை இடித்துவிட்டாள். ஐந்து நொடி தண்டனை, இரண்டாமிடம் போய் நான்காமிடம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பையன் என்ன இடிச்சிருந்தா அவனுக்கும் அஞ்சுதானே?" ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்றாள். ஆமாம் என்று நான் துணிந்து சொன்னது அந்தச் சின்ன ஓடுபாதையின் நடுவரை எனக்குத் தெரியும் என்பதால்.

1993-க்குப் பிறகு ஆப்பிரிக்க மண்ணில் ஒரு பார்முலா ஒன் பந்தயம்கூட நடக்கவில்லை. கியாலாமியை உங்கள் முதல்தரத்துக்கு உயர்த்தும் திட்டத்துக்கு 2025-இல் உங்கள் ஒப்புதல் கிடைத்தது. எப்போது வரும் என்று அப்பா ஒவ்வொரு வாரமும் கேட்கிறார். வந்தால் மூன்று பேரும் போவோம், அவர் வெர்ஸ்டாப்பன் தொப்பியோடு, நான் ஹாமில்டன் தொப்பியோடு, மகள் இன்னும் யார் பக்கம் என்று சொல்லவில்லை. வயதாகிவிட்டது, ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது, இந்த முறை ஹாரிஸ்மித்தில் ஒரு ராத்திரி தங்கிப் போகலாம் என்கிறார்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு கணக்கு வாத்தியார்